தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தர்

"அவ்வளவுதான் மேடம், எல்லாம் முடிஞ்சுது. கடைசியா ஒண்ணே ஒண்ணு. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது ஒருத்தருக்கு உங்க பேமெண்ட் லிங்க்கை அனுப்பி, அவங்க கார்டுல சும்மா ஒரு சின்னத் தொகை கட்டச் சொல்லுங்க. அது வந்து சேர்ந்தா உங்க கணக்கு ஓப்பன் ஆயிடும்," என்றாள், கார்டில் பணம் வாங்கும் வசதி தரும் கம்பெனியிலிருந்து போனில் பேசிய பெண்.

"என் கார்டுலேயே கட்டிடறேனே?"

"உங்க கார்டை சிஸ்டம் ஏத்துக்காது மேடம். வேற ஆள் வேணும். வீட்ல யாராவது இருப்பாங்கல்ல?"

"இருப்பாங்க, இருப்பாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள் சோபாக்கா. வீட்டில் இருந்தது அவளும், கறை உறிஞ்சும் மெஷினும், பாதி காலியான ஒரு நுரைக் கேனும்தான்.

வீடு வீடாகப் போய் சோபாவும் கம்பளமும் சுத்தம் செய்வது அவள் தொழில். அதனால்தான் எல்லோருக்கும் அவள் சோபாக்கா. ஆள் குட்டை, வாய் நீளம், கை சுத்தம். இடுக்கில் தங்கக் கம்மல் கிடைத்தாலும் துருப்பிடித்த ஊக்கு கிடைத்தாலும் ஒரு கவரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். பதினோரு வருஷமாகக் கையில் பணம் வாங்கி வந்தவள் இந்தக் கார்டு வம்பில் மாட்டிக்கொண்டது, நாற்பது வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடிக்காக. கார்டில் பணம் வாங்கும் வசதி இருப்பவர்களை மட்டும்தான் உள்ளே விடுவோம், இன்று மாலை ஐந்து மணிக்குள் லிங்க் வந்து சேர வேண்டும் என்று அந்த நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. அந்த நாற்பது வீடு கிடைத்தால் ஒரு வருஷத்துக்கு நிம்மதி. போனால், ஏற்கெனவே படுத்துக் கிடக்கும் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான். மணி மூன்றேகால் ஆகியிருந்தது.

காலையிலிருந்து அந்தக் கார்டுக் கணக்கின் விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டியிருந்தாள். அதில் 'மாற்றுத் தொடர்பு எண்' என்று ஒரு கட்டம் வந்தது. யோசித்துப் பார்த்துவிட்டுத் தன் நம்பரையே இரண்டாவது தடவையும் அடித்தாள். அது வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டது.

தெரிந்தவர் ஒருத்தர். அதென்ன பெரிய விஷயம்? போனில் இருநூற்றுப் பதினாறு பேர் இருக்கிறார்கள். திறந்தாள்.

காபிக் கறை. பூனை முடி. பச்சை மூணு சீட்டர். மை கொட்டினது. எல் சோபா நாலாவது மாடி. நாய் கடிச்ச கைப்பிடி.

ஆட்களை அவள் பெயரால் ஞாபகம் வைத்ததே இல்லை. பெயர் மறந்துபோகும், கறை மறக்காது. அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள், தன் கெட்டிக்காரத்தனத்தை எண்ணிப் பெருமைப்பட்டும் இருக்கிறாள். இன்றைக்கு அந்தப் பட்டியலைப் பார்க்க அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. இருநூற்றுச் சொச்சம் சோபாக்களை அவளுக்குத் தெரியும். அதில் உட்காருகிறவர்களைத்தான் தெரியாது.

பூனை முடி நல்ல மாதிரி. எப்போது போனாலும் சிரித்த முகம். அவளைக் கூப்பிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இந்த மாதிரி லிங்க்கைத் தொட்டுத்தான் எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு மொத்தமும் போச்சு. நீங்கதான் பேசறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏம்மா, உங்க பூனைக்கு வலது காது மடிஞ்சிருக்கும். சோபாவுக்கு அடியிலேருந்து மூணு எலி பொம்மை எடுத்துக் குடுத்தேனே!"

"அதெல்லாம் சரிதாங்கக்கா. ஆனா வீட்டுக்காரர் கண்டிப்பா சொல்லியிருக்கார்."

காபிக் கறை மீட்டிங்கில் இருந்தது. பச்சை மூணு சீட்டர் மணி அடிக்க அடிக்க எடுக்கவே இல்லை. மை கொட்டினது நம்பரை மாற்றிவிட்டது போல, எடுத்தவர் யாரோ. மற்றவர்களும் ஏதேதோ சாக்குச் சொல்ல, நாலு மணி ஆனது.

கடைசியில் தங்கச்சியின் நம்பருக்கு வந்து நின்றாள். அது மட்டும்தான் அந்தப் போனில் உறவாகப் பதிந்திருந்த நம்பர். இவள் வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாக வெளியேறிய சமயத்தில், "உன் வாய்க்கு எவன்க்கா இருப்பான்?" என்று தங்கச்சி கேட்டுவிட்டாள். "இனி உன் வாசப்படி மிதிச்சா என்னைக் கேளு" என்று இவளும் சொல்லிவிட்டாள். ஆயிற்று ஆறு வருஷம். வீம்பில் இருவரும் ஒரே வார்ப்பு.

பேசத் தைரியம் வரவில்லை. லிங்க்கை மட்டும் அனுப்பி, கீழே 'கொஞ்சம் அவசரம்' என்று எழுதினாள். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது.

'யார் நீ? இன்னொரு தடவை இப்படி லிங்க் அனுப்பினா போலீஸுக்குப் போவேன்.'

பழைய போன் சோப்புத் தண்ணீர் வாளியில் விழுந்தபோது நம்பர் மாறியது. கறைகள் அத்தனைக்கும் புது நம்பரைச் சொல்லியிருந்தாள், தங்கச்சிக்குச் சொல்லவில்லை. தப்பு தன் பேரில்தான் என்று தெரிந்தும் கண் நிறைந்துவிட்டது. 'நான்தான்' என்று அடித்தாள். அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யார் நீ என்று கேட்கிறவளிடம் நான்தான் என்று எப்படிச் சொல்வது? அழித்துவிட்டாள்.

நாலு இருபது. மிச்சம் இருந்தது எதிர் வீடு.

அங்கே தனியாக இருப்பவர் வேலையை விட்டு ஓய்ந்துவிட்ட லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூணாவது மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக். அவரைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அதுவும் அவருடைய இருமலும்தான். கொஞ்ச நாளாக இவள் மெஷினை உருட்டிக்கொண்டு வெளியே வந்தால் போதும், அந்தக் கதவு திறக்கும். சத்தத்துக்குச் சண்டை பிடிக்கத்தான் வருகிறார் என்று மெஷினை அப்படியே தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கிவிடுவாள்.

திட்டினால் திட்டட்டும் என்று போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"எதிர் வீடு."

தாழ்ப்பாள் விலக நேரம் ஆனது. உள்ளே ஒரு மேசை, ஒரே ஒரு நாற்காலி. சோபா இல்லை. இந்த மனிதரை எந்தக் கறையாலும் பதிய முடியாது என்று அந்த அவசரத்திலும் அவளுக்குத் தோன்றியது. மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் அலமாரியிலிருந்து கார்டை எடுத்து, அதன் நம்பரை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தபடி, லிங்க்கைத் திறந்து அவள் நீட்டிய போனில் தட்டினார். அவள் நாகரிகமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். அவர் போனுக்கு ஓடிபி வந்தது, அதையும் போட்டார்.

"ஓகேன்னு காட்டுதும்மா."

"ரொம்பப் பெரிய உபகாரம் சார். மெஷின் சத்தம் தொந்தரவா இருந்தா மன்னிச்சுக்கோங்க."

"என்ன சத்தம்?" என்றார் அவர். மேசையிலிருந்த காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். "எனக்கும் உங்ககிட்ட ஒரு காரியம் இருக்கு. வியாழக்கிழமை ஆபரேஷன். அவசரம்னா யாரைக் கூப்பிடணும்னு ஆஸ்பத்திரியில எழுதச் சொல்றாங்க. உங்களைக் கேக்காமலே எழுதிட்டேன். நம்பர்தான் தெரியல. பத்து நாளா கேக்கலாம்னு கதவைத் திறக்கறேன், நீங்க ஓடிடறீங்க."

காகிதத்தில் நடுங்கும் கையெழுத்து. பெயர்: எதிர் வீட்டு அம்மா. உறவு: எதிர் வீடு. எண் என்ற இடம் காலி.

அவள் பேனாவை வாங்கி நம்பரை எழுதினாள். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

நாலு முப்பத்தைந்துக்குக் கணக்கு திறந்தது. லிங்க்கை நிர்வாகத்துக்கு அனுப்பினாள். ஐந்துக்குச் சற்று முன்னால், பட்டியலில் சேர்த்துவிட்டோம் என்று பதில் வந்தது. நாற்பது வீடுகள். அறையில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலத் திரும்பினாள். மெஷின் மூலையில் நின்றது. காலையில் தன் நம்பரையே இரண்டு தடவை அடித்த அந்தக் கட்டம் நினைவுக்கு வந்ததும் அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிவிட்டது. கொஞ்ச நேரம் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு போனை எடுத்தாள், மறுபடி போய்த் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான்."

இந்தத் தடவை அவர் எதுவும் கேட்கவில்லை. தாழ்ப்பாள் விலகியது.

"உங்க நம்பரைச் சொல்லுங்க சார்," என்றாள். "என்கிட்டயும் ஒரு கட்டம் காலியா இருக்கு."