பதினான்காம் எண் சதுக்கம்

அந்தச் சதுக்கத்தில் நான் நின்றதில்லை. ஆனாலும் அதன் தரையில் எத்தனை கல்வரிசைகள் என்று தெரியும். நாற்பத்தொன்று. நடுவில் நீரூற்று. இடதுபுறம் கொடிக்கம்பம். வலதுபுறம் பன்னிரண்டு தூண்கள் வைத்த கட்டடம். குடை பிடித்த ஒரு பெண் சதுக்கத்தைக் குறுக்காகக் கடக்கிறாள். கடந்துகொண்டே இருக்கிறாள்.

அது ஒரு பட அஞ்சலட்டை. எண் பதினான்கு. கதவைச் சாத்திக்கொண்ட ஒரு கம்யூனிஸ்ட் நாட்டின் தலைநகரம். அங்கே கட்சி ஒன்று, செய்தித்தாள் ஒன்று, அஞ்சலட்டை அச்சடிக்கும் அச்சகமும் ஒன்று. புதிதாகப் படம் எடுக்கமாட்டார்கள். ஒரே புகைப்படத்துக்கு ஆண்டுதோறும் வேறு வண்ணம் பூசி வெளியிடுவார்கள். ஓர் ஆண்டு வானம் நீலம். அடுத்த ஆண்டு இளஞ்சிவப்பு. வறண்டு கிடந்த நீரூற்றில் தூரிகையால் தண்ணீர் விட்டார்கள். சாரம் கட்டியிருந்த கட்டடத்தை அழித்துவிட்டு அங்கே மரங்களை வைத்தார்கள். குடைக்காரியை மட்டும் யாரும் தொடவில்லை. குடையின் நிறம்தான் மாறும்.

இந்தக் கார்டுகளைச் சேர்த்தவள் என் மனைவி. கண்ணாடிக் கடையில் கண்பார்வை சோதித்துப் பவர் சொல்வது அவள் வேலை. கல்லூரியில் படிக்கும்போது ஒரு வர்த்தகக் கண்காட்சிக்குப் போயிருக்கிறாள். அந்த நாட்டுக் கடையில் கூட்டமே இல்லையாம். பாவமாக இருந்ததால் உள்ளே போய், அவர்கள் நீட்டிய கடித நட்புப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆறு மாதம் கழித்து முதல் கார்டு வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. பெட்டி எண் 218 என்று மட்டும் இருந்தது. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அவள் 'தோழர்' என்று பெயர் வைத்தாள்.

இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரு மூன்றாவது மொழியில் எழுதிக்கொண்டார்கள். தோழரின் கார்டில் எப்போதும் ஐந்து வரி. இங்கே வானிலை நன்றாக இருக்கிறது. நீரூற்று இயங்குகிறது. உங்கள் படத்துக்கு நன்றி. நீங்கள் கேட்ட இன்ன எண் கார்டு இங்கே கிடைக்கவில்லை. உங்கள் உடல்நலம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். போக நான்கு மாதம், வர நான்கு மாதம். அவள் பதிலுக்குக் காத்திருக்கமாட்டாள். இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் போட்டுக்கொண்டே இருப்பாள். அதனால் எப்போதும் நாலு கடிதமாவது வழியில் இருக்கும்.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் குடைக்காரிக்கு உரியவை. அவள் எங்கே போகிறாள் என்பது வழக்கு. வேலைக்குப் போகிறாள், அதுவும் தாமதமாக என்பது என் கட்சி. யாரையோ பார்த்துவிட்டுத் திரும்புகிறாள் என்பது என் மனைவியின் கட்சி.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுபவன். ஒரு ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து கொடிக்கம்பத்தின் நிழலை அளந்தேன். கோணம் போட்டுப் பார்த்து, நேரம் காலை ஒன்பது இருபது என்று சொன்னேன். அலுவலகம் எட்டரைக்கு இருக்கும். ஆக, தாமதம்.

அவள் கார்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"தரையைப் பாருங்க. தூணெல்லாம் தலைகீழா தெரியுது. தரை ஈரம். மழை பெய்யும்போது எடுத்த படம் இது. அதான் குடை. வெயிலு, நிழலு எல்லாம் பின்னாடி பெயின்ட் பண்ணது."

நான் அளவுகோலைக் கீழே வைத்தேன்.

"பெயின்ட் அடிச்ச நிழலை அளந்து மணி சொன்ன மனுஷன்," என்றாள். அன்று மாலைவரை சிரித்தாள். பிறகு ஒரு வருடத்துக்கு யாராவது மணி கேட்டால் போதும். "அவர்கிட்ட கேளுங்க, சுவத்துல நிழல் வரைஞ்சு குடுத்தா கரெக்டா சொல்லுவாரு."

அவள் நோயில் விழுந்த பிறகு மருத்துவமனையிலும் வழக்கு தொடர்ந்தது. வேறு எதைப் பேசுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"பேசாம தோழர்கிட்டயே கேட்டுடலாம்," என்றாள் ஒருநாள். "அவரு அந்த ஊருக்காரரு. தீர்ப்பு சொல்லட்டும்."

"தோத்தா ஒத்துக்கணும்."

"நீங்களும்தான்."

இரண்டு நாள் எடுத்து எழுதினாள். படுத்தபடி எழுதும்போது கை நிற்காது, எழுத்து சரியும். முடித்துவிட்டு, கவரில் வைத்து, மடிப்பை உள்ளே செருகி என்னிடம் கொடுத்தாள்.

"அப்படியே போட்டுடுங்க," என்றாள்.

கவர் ஒட்டாமல் இருந்தது. ஒட்டக்கூட அவளுக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வார்த்தை படித்திருக்கலாம். படிக்கவில்லை. அது தோழருக்கு எழுதியது. அலுவலகத்துக்குப் போய்க் கோந்து தடவி ஒட்டினேன். மேலே செலோடேப்பும் போட்டேன். வரைபடத்துக்கு ஒட்டுவதுபோல, ஒரு சுருக்கம் இல்லாமல். என் கையால் அந்த மாதத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான் என்று தோன்றியது. பெட்டியில் போட்டேன்.

மூன்று வாரத்தில் அவள் இறந்தாள்.

அதன் பிறகும் கார்டுகள் வந்தன. வழியில் இருந்த பழைய கடிதங்களுக்கான பதில்கள். உங்கள் உடல்நலம் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். ஒவ்வொன்றையும் ஆல்பத்தில் அவள் விட்டுவைத்த இடத்தில் செருகினேன். எண்ணிப் பார்த்ததில் இன்னும் ஒரே ஒரு கார்டு வரவேண்டியிருந்தது. தீர்ப்பு. அது வந்துவிட்டால் அவள் பெயருக்கு உலகத்தில் எங்கிருந்தும் எதுவும் வரவேண்டியதில்லை. அது வரவேண்டும் என்றும் இருந்தது, வரவேண்டாம் என்றும் இருந்தது. தினமும் வாசல் பெட்டியைப் பார்த்தேன்.

விடுமுறை நாட்களில் மதியம் தூங்குவேன். தூக்கத்தில் சதுக்கத்துக்குப் போவேன். கடைசியாக வந்த கார்டின் வானம் இருக்கும். நடந்தால் சத்தம் கேட்காது. நீரூற்றின் தண்ணீர் மேலே எழும்பி அங்கேயே நிற்கும். குடைக்காரியின் முதுகு எனக்குப் பதினைந்து கல்வரிசை முன்னால் போகும். நான் வேகமாக நடந்தாலும் பதினைந்து, மெதுவாக நடந்தாலும் பதினைந்து. விழித்து எழுந்தால் பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கும். ஒருமுறை அலுவலகத்துக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது நடுவில் நீரூற்றைக் காணோமே என்று நின்றுவிட்டேன். ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

ஒன்பதாம் மாதம், ஒரு சனிக்கிழமை, பெட்டியில் கவர் இருந்தது. கார்டு அல்ல, கவர். அவள் கையெழுத்து. ஒரு கணம் எனக்குத்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் முத்திரைகளைப் பார்த்தேன். நான்கு ஊர் சுற்றித் திரும்பியிருந்தது. ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தார்கள். அந்த நாட்டு எழுத்தில் ஒன்பது கட்டங்கள், ஆறாவதில் ஒரு டிக். என் செலோடேப் அப்படியே இருந்தது.

மறுநாள் மச்சான் வந்தான். அவளுடைய தம்பி, கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளியில் வேலை. வீட்டில் எல்லோருக்கும் அவன் 'கிளட்ச்'. மாதம் ஒருமுறை வருவான். வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்ப்பான்.

"என்ன மாமா, உள்ள லைட்டு மட்டும்தான் இருக்கு."

"வாங்கணும்."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. இந்த எலுமிச்சம்பழம் எனக்கே அடையாளம் தெரியுது." மேசையில் கவரைப் பார்த்தான். எடுத்தான்.

"அக்கா எழுத்து."

"திரும்பி வந்துடுச்சு."

"பிரிக்கலையா?"

"எனக்கு எழுதினது இல்லையே."

"மாமா, நீங்க நல்லவரா இல்ல லூசான்னு இத்தன வருஷத்துல எங்களுக்கு ஒரு முடிவே வரல." கவரைத் திருப்பிப் பார்த்தான். "யாரு இப்படி ஒட்டுனது? ஏதோ பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரி."

"நான்தான்."

அவன் கவரை இருந்த இடத்திலேயே வைத்தான். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பிரிச்சா என்கிட்டயும் சொல்லுங்க," என்றான். "நான் கேக்கமாட்டேன். நீங்களா சொல்லுங்க."

திங்கட்கிழமை தபால் நிலையத்துக்குப் போனேன். வெளிநாட்டுத் தபால் கவுன்டரில் இருப்பவரை என் மனைவி 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் சீட்டைப் பார்த்தார்.

"ஆறாம் நம்பர். ஒட்டின கவரை அங்க வாங்கமாட்டாங்க சார்."

"ஒட்டக்கூடாதா?"

"எல்லாத்தையும் பிரிச்சுப் படிப்பாங்கல்ல. உங்க வீட்ல ஒட்டவே மாட்டாங்களே. நான்கூட ஒருதடவ கேட்டேன், ஏம்மா இப்படித் தொறந்து வெச்சுத் தர்றேன்னு. அங்க படிக்கிறவருக்குக் கிழிக்கிற வேலை மிச்சம்க்கா, பாவம், அவரும் சம்பளத்துக்குத்தானே பாக்குறாருன்னாங்க." அவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். "இப்பல்லாம் அவங்க வர்றதே இல்லையே. வேலை மாத்திட்டாங்களா?"

நான் அந்த வாக்கியத்தை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் மற்றவர்கள் சொல்லியிருந்தார்கள். அலுவலகத்தில்கூட மச்சான்தான் போன் செய்தான். வாயைத் திறந்தேன். பின்னால் நின்றவர் நகர்ந்து நின்றார்.

"இல்ல," என்றேன்.

"வரச் சொல்லுங்க. இந்தக் கவரைத் திரும்ப அனுப்ப முடியாது. முத்திரை விழுந்தாச்சு. உள்ள இருக்கிறத எடுத்துப் புதுக் கவர்ல போட்டுக் குடுங்க."

அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். செலோடேப்பை வரைபடம் வெட்டும் பிளேடால் அறுத்தேன். கோந்து விடவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியில் காட்டினேன். மெல்ல மெல்ல விட்டது. வேறு கவரில் மாற்ற வேண்டுமானால் தாளை வெளியே எடுத்துத்தான் ஆகவேண்டும். எடுத்தேன். மடித்தே வைத்திருக்கலாம். முடியவில்லை. படித்தேன்.

மூன்றாவது மொழியின் சின்னச் சின்ன வாக்கியங்கள். ஏறக்குறைய இப்படி:

"அன்புள்ள 218. எங்கள் வீட்டில் ஒரு வழக்கு. நீங்கள் நீதிபதி. பதினான்காம் எண் படத்தில் குடையுடன் ஒரு பெண். என் கணவர் சொல்கிறார், அவள் வேலைக்குத் தாமதமாகப் போகிறாள். நான் சொல்கிறேன், அவள் யாரையோ பார்த்துவிட்டு வருகிறாள். ஐந்து ஆண்டுகள் சண்டை. உண்மையில் அவர் சொல்வது சரி. இரண்டாம் ஆண்டு நான் அவருடைய லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அவள் இடது கையில் சாப்பாட்டு டப்பா இருக்கிறது. அவர் நிழலை மட்டும் பார்ப்பார். கையைப் பார்க்கமாட்டார். நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடும். எனவே உங்களிடம் ஓர் உதவி. தீர்ப்பு எழுத வேண்டாம். தெரியாது என்று எழுதுங்கள். அவர் அதை வைத்துக்கொண்டு இன்னும் நிறைய நாள் யோசிப்பார். இங்கே வானிலை நன்றாக இருக்கிறது."

உடல்நலம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆல்பத்தை எடுத்தேன். லென்ஸை வைத்தேன். மஞ்சள் குடையில், சிவப்பில், பச்சையில், எல்லாவற்றிலும் டப்பா இருந்தது. கைப்பிடிகூடத் தெரிந்தது. நான் வழக்கில் வென்றிருந்தேன். சொல்லிக்காட்ட ஆள் இல்லை.

அப்படியே படுத்தேன். ஜன்னல் வெளிச்சம் சுவரில் மெதுவாக நகர்ந்தது. சதுக்கத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. முதல்முறையாக மழை. வானத்துக்கு நிறம் எதுவும் பூசவில்லை. நீரூற்று வறண்டு கிடந்தது. மரங்கள் நின்ற இடத்தில் சாரம் கட்டிய கட்டடம் திரும்ப வந்திருந்தது. குடைக்காரி பதினைந்து கல் முன்னால் போகவில்லை. என் பக்கத்திலேயே நடந்தாள். டப்பா அவள் முழங்காலில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது. முகத்தைப் பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை. கல்வரிசைகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. நாற்பதில் விழித்துக்கொண்டேன். கன்னம் ஈரமாக இருந்தது. தலையணையும்.

எழுந்து, ஒரு தாள் எடுத்து, அதே மொழியில் எழுதினேன். எனக்கு அவள் அளவுக்குத் தெரியாது. ஐந்து வரிதான் வந்தது.

"கடிதத்தை ஒட்டியது நான். தவறு என்னுடையது. இதை எழுதியவர் என் மனைவி, அவர் இறந்துவிட்டார். அவர் கேட்டபடியே, தெரியாது என்று எனக்கு எழுதுங்கள். இங்கே வானிலை நன்றாக இருக்கிறது."

மூன்றாவது வரியைத் திரும்பப் படித்தேன். எழுத்துப்பிழை இல்லை.

மச்சானுக்குப் போன் செய்தேன். "பிரிச்சுட்டேன்," என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ கியர் மாற்றத் தடுமாறும் சத்தம் கேட்டது.

"மாமா," என்றான் கடைசியில். "அக்கா உங்கள ரெண்டாவது வருஷத்துலேருந்தே ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கு."

"ஆமா."

"நல்லா ஏமாத்தியிருக்கு." அவன் சிரிப்பதுபோல் ஆரம்பித்து நிறுத்தினான். "ஞாயித்துக்கிழமை வர்றேன். ஏதாவது வாங்கி வைங்க."

மறுநாள் காலை தபால் நிலையம். புதுக் கவர், என் கையெழுத்தில் முகவரி. உள்ளே இரண்டு தாள். பழைய கவரை ஆல்பத்தில் வைத்துவிட்டேன். கடைசி கார்டுக்கு விட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில்.

அக்கா எடை பார்த்தார். ஸ்டாம்ப் ஒட்டினார். "அவங்கள வரச் சொன்னேனே," என்றார்.

"அவ இறந்துட்டாக்கா. ஒன்பது மாசம் ஆச்சு."

அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார், கவரைப் பார்த்தார். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தில் கோந்து பாட்டிலை எடுத்துப் பிரஷை மடிப்பின்மேல் கொண்டுபோனார்.

"வேணாம்க்கா," என்றேன். "அப்படியே போட்டுடுங்க."

அவர் பிரஷைத் திரும்ப வைத்தார். மடிப்பை உள்ளே செருகி, கவரைத் தட்டில் மற்ற கடிதங்களின் மேல் வைத்தார். ஃபேன் காற்றில் அதன் மடிப்பு வெளியே வந்து ஒருமுறை திறந்தது. பிறகு தானாக மூடிக்கொண்டது.