ஜேர்மனில் மட்டும்

ஜேர்மன் பரீட்சையில் இரண்டாம் முறையும் கோட்டை விட்டேன். வாசிப்பும் எழுத்தும் நன்றாகத்தான் செய்தேன்; பேச்சுதான் காலை வாரியது. கலியாணம் முடிந்து பதினாறு மாதம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் விசா இல்லை. விசா இல்லாமல் ஜேர்மனியில், டோட்முண்டில் இருக்கிற என் கணவர் உமாசுதனோடு வாழ்க்கையும் இல்லை.

போனில் ஜேர்மன் படிப்பிக்கிற செயலியோ முந்நூற்றுப் பதினொரு நாளாக என்னைப் பாராட்டிக்கொண்டே இருக்கிறது. எவ்வளவு நேரம் யோசித்தாலும் அது காத்திருக்கும். பரீட்சை நடத்திய பெண் கேள்வியைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்கு நா எழவில்லை.

முகம் பார்த்துக் கதைத்துப் பழக வேண்டும். கொழும்பில் எங்கள் காலி வீதியில் புடவை கிடைக்கும், நகை கிடைக்கும். ஜேர்மன் கதைக்க ஆள் கிடைக்காது. பிறகுதான் உறைத்தது. எட்டு வருடமாக ஜேர்மனியில் இருக்கிற மனிதர் தினமும் பின்னேரம் வீடியோவில் வந்து நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

அன்று அவர் எடுத்ததும், இனித் தமிழ் இல்லை, ஜேர்மன் மட்டும்தான் என்று ஜேர்மனிலேயே சொன்னேன். இன்று என்ன வேலை என்றும் கேட்டேன். சிரித்தார். திரும்பக் கேட்டேன். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டார். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள் கோபம் தலைக்கேறி, என்னோடு வாழ விருப்பமில்லையா என்று தமிழிலேயே கேட்டேன்.

இந்த முறை அவர் போனை வைக்கவில்லை.

"நீர் ஜேர்மன்ல கேட்டது எனக்கு விளங்கேல்லை, யதுஷா. நான் சமைக்கிற ரெஸ்டோரண்ட் குசினியில எல்லாரும் தமிழ்ப் பெடியள். கடிதம் வந்தா முதலாளிதான் வாசிச்சுச் சொல்லுறவர். வெக்கத்தில உமக்குச் சொல்லேல்லை."

இவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஊரில் நடக்கலாம் என்றல்லவா இருந்தேன்! அவர் தலை குனிந்திருந்தார். பரீட்சை மேசையில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

"எழுத ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றேன்.

ஏழு வாரம் விடவில்லை. செயலி காட்டிய கேள்விகளை அவர் தட்டுத்தடுமாறிக் கேட்பார். நான் அவர் முகம் பார்த்துப் பதில் சொல்வேன். பிறகு அவருடைய முறை. வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும்போது இன்னும் சத்தமாகக் கதைத்தோம். மூன்றாம் பரீட்சையிலும் அதே பெண் என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

பாஸ் என்று அவருக்கு ஜேர்மனில் சொன்னேன். அவரும் ஜேர்மனிலேயே, மெல்ல மெல்லச் சொன்னார். ஒரு வாடகை வீட்டுக்கு அவரே போன் எடுத்து ஜேர்மனில் பேசினாராம். வீடு யார் யாருக்கு என்று வீட்டுக்காரர் கேட்டாராம். எனக்கும் என் மனைவிக்கும் என்றாராம்.

அந்த ஜேர்மன் வசனத்தில் ஒரு பிழை இருந்தது. திருத்தி, திரும்பச் சொல்லச் சொன்னேன். இன்னொரு தரம் கேட்க எனக்கு ஆசையாகவும் இருந்தது.