அசையாத ஆள்

ஆயுதக் கிடங்குக்கு முன்னால் இருந்த அந்த நீளக் கூடத்துக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. அதனால் அங்கே குழல்விளக்குகள் ராத்திரி பகல் பாராமல் எரிந்தே கிடந்தன. உள்ளே ஆள் வந்து போவது எப்போதாவதுதான். வெறும் சுவருக்கு வெளிச்சம் காட்டி மின்சாரத்தைக் கொட்டிக் கவிழ்க்கிறோம் என்று முகாம் மேஜருக்கு ஒருநாள் உறைத்தது. ஆள் அசைந்தால் எரிந்து, இல்லாவிட்டால் தானே அணைகிற சென்சார் விளக்குகளைப் போடச் சொன்னார்.

அந்த வேலை அண்ணிக்குக் கிடைத்தது. வயரிங் லைசென்ஸ் வாங்கித் தன் பெயரில் அவள் எடுத்த முதல் வேலை. கூடம் சரியாக வந்தால் முகாமின் மற்ற கட்டடங்களும் அவளுக்குத்தான். சொதப்பினால் பழையபடி மேஸ்திரியிடம் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

அவளோடு மேலே ஏறி வேலை செய்தவள் அவள் நாத்தனார். நெடுநெடுவென்று வளர்ந்தவள், வீட்டிலும் வேலையிடத்திலும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள். "உனக்கு எதுக்குடி இன்னொரு ஏணி?" என்று அண்ணி கேட்காத நாளில்லை.

வேலை முடிந்து மேஜர் பார்க்க வந்தார். கூடத்துக்குள் கால் வைத்ததும் விளக்குகள் வரிசையாக எரிந்தன. வெளியே வந்து நின்றார், அணைந்தன. மேஜருக்கு முகமெல்லாம் பல். அண்ணி ஏணியை இடித்துக் கண் சிமிட்டினாள்.

வேலை நடந்த நாளெல்லாம் வாசலில் நிறுத்தியிருந்த காவல் சிப்பாயை மேஜர் உள்ளே அனுப்பினார். அவன் போய்க் கிடங்கின் இரும்புக் கதவின் முன் துப்பாக்கியோடு விறைப்பாக நின்றான். வாசலில் நின்று அடுத்த கட்டடத்தைப் பற்றி இவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு பாதியில் இருக்கும்போதே கூடம் கும்மிருட்டாகிவிட்டது.

இருட்டுக்குள்ளிருந்து 'க்ளுக்' என்று ஒரு சிரிப்பு. மேஜர் உள்ளே பாய்ந்தார், விளக்குகள் எரிந்தன. சிப்பாயின் முகம் கல்லாக இருந்தது.

"என்னம்மா இது? என் சிப்பாயை உங்க விளக்கு ஒரு ஆளாவே மதிக்கலையே!"

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "நீதானேடி சோதிச்சுப் பாத்தே?"

"பாத்தேன் அண்ணி. நடந்தேன், குனிஞ்சேன், குதிச்சுக்கூடப் பாத்தேன். சும்மா நின்னு மட்டும் பாக்கல."

"ஏன் பாக்கல?"

"நாம என்னிக்கு அண்ணி சும்மா நின்னோம்?"

அண்ணிக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அசையாமல் நிற்பதே வேலையாக இருக்கிற மனுஷனை அவளும்தான் யோசிக்கவில்லை. சமாளித்துக்கொண்டு, "சார், அவரு அப்பப்ப லேசா கையாட்டுனா போதும்" என்றாள்.

"காவல்ல நிக்கிறவன் கையாட்டுறதா? பஸ்ஸையா நிறுத்துறான்? வேண்டாம்மா. பழைய விளக்கையே மாட்டிட்டுப் போங்க."

அண்ணியின் முகம் தொங்கிப்போனது. ஏணிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"தப்பு என்னோடது சார். நானே சரி பண்ணிடறேன். இவரு தலைக்கு மேல இருக்கிற விளக்கை மட்டும் சென்சார்லேருந்து பிரிச்சு நேரா இணைச்சிடறேன். அது ஒண்ணு எரிஞ்சுக்கிட்டே இருக்கட்டும்."

"மிச்சக் கூடம் இருட்டாக் கிடக்குமே. எவனாவது பதுங்கி வந்தா?"

"வரட்டும் சார். நீங்களே வந்து பாருங்க."

அதற்குள் அண்ணி மெயினை அணைத்துவிட்டு டார்ச்சைப் பிடித்திருந்தாள். நாத்தனார் மேலே ஏறி அந்த ஒரு விளக்கின் வயரை மாற்றி முடுக்கினாள். அவள் இறங்கியதும் அண்ணி மெயினைத் திரும்பப் போட்டாள். எல்லோரும் வெளியே போனார்கள். கூடம் அணைந்தது, சிப்பாயின் தலைக்கு மேல் மட்டும் ஒரு வெளிச்சம் நின்றது.

மேஜர் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சுவரோடு சுவராக ஒட்டி, மூச்சைப் பிடித்து, நுனிக்காலில் உள்ளே நழுவினார். இரண்டாவது எட்டு வைக்கவில்லை, கூடம் முழுக்கப் பட்டப்பகலாக எரிந்தது.

"நில்! யாரது?" சிப்பாய் போட்ட சத்தத்தில் சுவர் அதிர்ந்தது. துப்பாக்கி நிமிர்ந்துவிட்டது.

"நான்தான்டா!"

"அடையாளச் சொல்?"

கையில் பூட்ஸோடு மேஜர் அடையாளச் சொல்லைச் சொல்லித்தான் தப்பிக்க வேண்டியிருந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வந்து உட்கார்ந்து பூட்ஸை மாட்டும்போது அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை.

"நல்லா மாட்டிவிட்டீங்கம்மா என்னை. பழைய விளக்கு எரிஞ்சப்ப இவன் இவ்வளவு உஷாரா இருந்ததில்ல."

"அடுத்த கட்டடம் எது சார்?" என்றாள் அண்ணி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே.

"படுக்கைக் கூடம். காலையிலேயே வந்திடுங்க."

சாமான்களை மூட்டை கட்டும்போது அண்ணி நாத்தனாரின் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"படுக்கைக் கூடத்துல, ஏணி, சும்மா படுத்துப் பாக்கறதுதான் உனக்கு முதல் வேலை."

"அதுக்கும் கூலி உண்டுல்ல அண்ணி?"