நீலம் என்று தீட்டிய பூ

ஞாயிறு உச்சியை எட்டுவதற்கு முன்பே வெயில் முற்றிவிட்ட ஒரு காலைப் பொழுதில், நகருக்கு வடக்கே கல்லும் மணலும் கலந்து கிடக்கும் அந்த மேட்டுப் புதர்வெளியை நீவிர் நின்று நோக்கியிருப்பீராயின், கற்றறிந்த நண்பரே, "இங்கே என்ன இருக்கிறது?" என்று முகத்தைச் சுளித்திருப்பீர். முழங்காலுக்கு மேல் வளராத புதர்களும், காற்றுக்கு வளைந்து வளைந்தே முதுகு கூனிப்போன முட்செடிகளும், அவற்றின்மேல் ஊர்ந்து செல்லும் முகில் நிழலுமே உம் கண்ணுக்குத் தென்பட்டிருக்கும். குனிந்தவர்க்கன்றோ அங்கே எள்ளளவு மஞ்சட்பூவும், தலைகவிழ்ந்த செம்பூவும், மயிர் போர்த்த ஊதாப்பூவும் தெரியும்! குனிய எவருக்கு முதுகு வளைகிறது? காக்கத் தகுந்த செடி ஒன்றும் அங்கே இல்லையென்று ஆய்வுக்கென மூன்று முறை நடந்து பார்த்தவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வரும் செவ்வாயன்று மேட்டை நிரவும் ஆணையில் நில ஆணையர் கையொப்பமிட்டால், புதன்கிழமை மண்வாரி எந்திரங்கள் மேடேறும்.

இச்செய்தியைக் கேட்டு வயிறெரிந்தவள் ஒருத்தி உண்டு. செடியியல் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓவியம் தீட்டுபவள். வேர், தண்டு, இலை, பூ, விதை என ஒவ்வொன்றையும் உள்ள அளவிலேயே வரைந்து, இலையைப் பூச்சி அரித்திருந்தால் அரித்தபடியே காட்டும் கண்டிப்புக்காரி. அவளை எல்லாரும் நீலக்கா என்றே அழைத்தார்கள். பணியில் சேர்ந்த புதிதில், நிறைமாத வயிற்றோடு மேடேற மாட்டாமல், எவரோ பறித்துத் தாளிடை அழுத்தி உலர்த்தி வைத்திருந்த அரிய பூவொன்றைப் பார்த்து அவள் தீட்டிய நீலப்பூ ஓவியம், துறையின் முன்கூடத்தில் தொங்கியது. பள்ளி நூல்களில் ஏறியது. அவளுக்குப் பெயரையும் ஈட்டித் தந்தது. அந்தப் பூவைத்தான் நடந்து பார்த்தவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். மேட்டில் நீலம் ஒரு பொட்டுக்கூட இல்லை.

சென்ற கிழமை, மேட்டில் வரைந்துகொண்டிருந்த நீலக்கா, அரிசி கழுவிய நீரின் நிறத்தில் காலடியில் மண்ணோடு ஒட்டிப் பூத்திருந்த ஒரு பூவை, பெயரறியும் எண்ணமுமின்றிக் கிள்ளித் தன் குறிப்பேட்டுள் வைத்து மூடினாள். மறுநாள் ஏட்டைத் திறந்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூ நீலமாகியிருந்தது! இதழ்கள் ஐந்து, ஒவ்வொன்றின் முனையிலும் இரு வெட்டு, தொண்டையில் மயிர் வளையம்; எல்லாம் அவள் தீட்டியபடியே. நிறம் ஒன்றுதான் பொய். இல்லாத நீலத்தைத் தேடியவர்கள், இருந்த வெண்மையைக் கடந்துகொண்டே மூன்று முறையும் நடந்திருக்கிறார்கள். பூ அழியவில்லை என்று துள்ளிய நெஞ்சு, அழித்தவள் நானாகியிருப்பேனே என்று அடுத்த நொடியே கூசியது.

அவளுக்குப் பின் பணியில் சேர்ந்து அவளுக்கு மேல் உயர்ந்துவிட்ட துறைத் தலைவர், செய்தியைக் கேட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"அக்கா, ஊருக்கே தெரிஞ்ச படம் இது. இதைத் தப்புன்னு சொன்னா மத்த நானூறு படத்தையும் எவன் நம்புவான்? நம்ம பொழப்பு சந்தி சிரிச்சுடும். பேசாம விட்டுடுங்க."

"பேசாம விட்டா மேடு போயிடுமே, தம்பி."

"போனா போகட்டும். உங்க பேராவது நிக்கும்ல?"

அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. வீட்டிற்கு வந்து, நூல்களுக்கு அட்டை கட்டும் தொழிலரான கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் பசை ஒட்டிய விரல்களைத் துடைத்தபடி சிரித்தார். "போறதுன்னு முடிவு பண்ணிட்டுதானே எங்கிட்ட கேக்குறே? போய் சொல்லிட்டு வா. நான் வேண்டாம்னா மட்டும் நிக்கவா போறே!"

செவ்வாய்க்கிழமை, நில ஆணையரின் அவையில், அவள் வருவாளென்று அறிந்த துறைத் தலைவர், வெண்பூ அதுவன்று என்பதற்கு அந்த ஓவியத்தையே சான்றாகக் கொணர்ந்து மேசைமேல் சாய்த்து வைத்திருந்தார். நீலக்கா, வேரும் மண்ணுமாகப் பெயர்த்தெடுத்த வெண்பூச் செடியொன்றைத் தொட்டியோடு அதன் அருகே வைத்தாள்.

தலைவர் ஆணையரைப் பார்த்துச் சொன்னார்: "அம்மா, படத்துல நீலம்னு இவங்களே வரைஞ்சிருக்காங்க. இப்ப வெள்ளைன்னு இவங்களே சொல்றாங்க. அன்னைக்கு வரைஞ்சவங்களை நம்புறதா, இன்னைக்குப் பேசுறவங்களை நம்புறதா?"

"அன்னைக்கு நான் பார்த்தது பொணம், தம்பி. இது உயிரு."

சொல்லிக்கொண்டே ஒரு பூவைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கையை விரித்து நீட்டினாள். அவை பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கசங்கிய இதழ்களின் ஓரம் நீலம் பாய்ந்தது. நடந்து பார்த்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆணையரான அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்குப் புரியுது. ஆனா பதிவுல இருக்கிறது படம். வரைஞ்சவங்க எழுத்துல திருத்தினாத்தான் நான் நிறுத்த முடியும்."

"தனித்தாள்ல எழுதிக் கொடுங்கக்கா!" என்று பதறினார் தலைவர். "படத்துல மட்டும் கை வைக்காதீங்க!"

"தாளை நீங்க பெட்டியில போட்டுப் பூட்டிடுவீங்க. படம் சுவத்துல தொங்கும். பொய் தொங்குற எடத்துலதான் உண்மையும் தொங்கணும்."

ஓவியத்தின் மரச்சட்டத்தைப் பிரித்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்ணாடிக்குள் இருந்த தன் இளமைக் கைத்திறனை ஒருமுறை கூர்ந்து நோக்கினாள். அதைவிட அழகாக அவள் எதையும் தீட்டியதில்லை. ஆயினும் அழியா மையில், பூவின் அடியிலன்று, இதழ்களின் குறுக்கேயே எழுதினாள்: "இப்பூவின் நிறம் வெண்மை. உலர்ந்ததைக் கண்டு நீலமெனத் தீட்டியவள் நானே." கீழே நாளிட்டுக் கையெழுத்திட்டாள். தலைவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆணையரின் எழுதுகோல், மேட்டைத் தொடலாகாது என்ற ஆணையின்மேல் ஓடியது.

எந்திரங்கள் ஏறவிருந்த புதன்கிழமை காலையில், அம்மேட்டில் மணலோடு மணலாகக் கவிழ்ந்து படுத்து, புதிய தாளொன்றில் அந்தப் பூவை அவள் வரைந்துகொண்டிருந்தாள். வெண்தாளில் வெண்பூவைக் காட்டுவது ஓவியர்க்கு எளிதன்று. இதழைத் தீட்ட இயலாது, அதைச் சூழ்ந்த நிழலைத்தான் தீட்டவேண்டும். தன் புகழைத் தன் கையாலேயே அடித்தவர்க்கு உலகம் மாலையிடுவதில்லை, நண்பரே. அவளும் அதற்காகக் காத்திருக்கவில்லை. நிழல்களை ஒவ்வொன்றாக இட்டு முடித்தாள். ஐந்து இதழ்களின்மேலும் இம்முறை அவள் எந்த நிறத்தையும் வைக்கவில்லை.