தூங்குமூஞ்சியின் ஏழு மணி நேரம்

கடைசிச் சொட்டுப் புரதம் அது. சொட்டு என்றால் சொட்டுதான், கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூடக் காணாது. இரண்டு குழாய்களில் பாதிப் பாதி. ஒன்றில் மட்டும் மருந்து. தங்கையின் கைநடுக்கத்துக்குக் காரணமான புரதம். மருந்து அதைப் பிடிக்கிறதா என்று அக்காக்காரி மூன்று தடவை பார்த்துவிட்டாள், ஒன்றும் தெரியவில்லை. இன்றும் தெரியாவிட்டால் மருந்தை மூட்டை கட்டிவிடுவதாக ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார்.

காலை ஒன்பதுக்கு இரண்டிலும் கனமான ஹைட்ரஜன் உள்ள கனநீர் ஊற்றினாள். புரதம் எங்கெல்லாம் அசைந்து திறக்கிறதோ, அங்கெல்லாம் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டுக் கனமான ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளும். அமிலம் விட்டு ஐஸில் வைத்தால் அந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுவிடும். பிறகு புரதத்தைத் துண்டாக்கி, எந்தத் துண்டு எவ்வளவு கனத்தது என்று இயந்திரம் எடைபோட்டுச் சொல்லும். மருந்து உட்கார்ந்த இடம் திறக்காது, கனக்காது. எப்போதும்போல நாலு மணி நேரம், மதியம் ஒரு மணிக்கு நிறுத்த வேண்டும்.

புரதத்தைச் சுத்தம் செய்வதிலேயே மூன்று நாள் தூக்கம் போயிருந்தது. ஏசி முனகிக்கொண்டிருந்தது. கன்னத்தை மேசையில் வைத்தாள், அவ்வளவுதான். கனவில் புரதம் ஒரு வீடாக நின்றது. சன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. பின்கட்டில் ஒரு கதவு மட்டும் அசையவே இல்லை. அதன் எதிரே உட்கார்ந்தாள், யாரும் அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்து அது ஒரு விரற்கடை திறந்து மூடிக்கொண்டது.

விழித்தபோது மணி நாலு. அமிலம், ஐஸ், இயந்திரம் என்று ஓடினாள். நோட்டில் ‘நாலு மணி நேரம்’ என்று எழுதக் கை போனது. சீ என்று ஆகிவிட்டது. ‘ஏழு மணி நேரம். தூங்கிவிட்டேன்’ என்று எழுதினாள்.

தலைவர் திரையைப் பார்த்தார். “இந்த நடுத்துண்டு நாலு மணி நேரத்துல அசைஞ்சதே இல்லையேம்மா.”

“ஏழு மணி நேரம் சார். தூங்கிட்டேன்.”

அவர் திட்டவில்லை. மருந்தில்லாத குழாயில் அந்தத் துண்டு கனத்திருந்தது. மருந்துள்ளதில் அப்படியே இருந்தது.

“அங்கதான் போய் உட்கார்ந்திருக்கு” என்றார் மெல்ல. “நாமதான் இத்தனை நாளும் சீக்கிரமா நிறுத்திட்டோம். புதுசா புரதம் செய்ங்க, மறுபடி பார்க்கலாம். மருந்து இருக்கட்டும்.”

தங்கைக்குப் போன் செய்தாள். சின்ன வயதிலிருந்து இவளைத் தூங்குமூஞ்சி என்று கூப்பிடுகிறவள் அவள்தான். எல்லாவற்றையும் தங்கை கேட்டுக்கொண்டாள். நடுங்கும் கையிலிருந்த போன் கம்மலில் மோதி மோதி டக்டக்கென்றது.

“என்னடி, இருக்கியா?”

“இருக்கேன், தூங்குமூஞ்சி. மருந்து வர ரொம்ப நாளாகுமா?”

“ஆகும்டி.”

“பரவால்ல. நீ இப்ப போய்த் தூங்கு.”