அணைத்துவிட்டுச் செல்லவும்

என் தம்பியும் நானும் போட்ட சண்டைகளை எழுதி வைத்தால் ஓர் அலமாரி கொள்ளாது. ஆனால் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்க, பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துப் போட்ட சண்டை ஒன்றுதான். அதுவும் ஒரே ஒரு சொல்லுக்காக.

நான் தமிழாசிரியை. ஒற்றுப்பிழை ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. தம்பி எலக்ட்ரீஷியன். எங்கள் பள்ளியின் மொட்டைமாடியில் சோலார் தகடுகளைப் பொருத்தியவன் அவன்தான். வேலை முடிந்ததும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டியவன், போகவில்லை. தகட்டைத் துடைக்கணும் என்று ஒரு நாள் வருவான், ஒயரைப் பார்க்கணும் என்று இன்னொரு நாள் வருவான். வந்த ஐந்தாவது நிமிடம் அவனைச் சுற்றிக் கூட்டம். "கரண்ட் அண்ணா, வெயில் எப்படி ஒயருக்குள்ள போகுது?" "கரண்ட் அண்ணா, மழை வந்தா என்ன செய்வீங்க?" படிக்கிற காலத்தில் அறிவியல் வகுப்பு என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவன், இப்போது வாய் ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு ஒரே ஆசை. வாரத்துக்கு ஒரு வகுப்பு அவனுக்குக் கொடுக்க வேண்டும். மொட்டைமாடியும், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரி அறையும்தான் வகுப்பறை. "அக்கா, எனக்கு அன்னிக்கு இதையெல்லாம் யாராச்சும் கண்ணால காட்டியிருந்தா நான் பெயிலாகியிருக்க மாட்டேன்" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான்தான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

எங்கள் தலைமையாசிரியை லேசில் மசிகிறவர் அல்ல. பேட்டரி அறையின் சாவி அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. இழுப்பறையின் சாவி அவர் கைப்பையில் இருந்தது. தம்பி போய் நின்றபோது அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க வேலை சுத்தமான வேலை, அதுல சந்தேகமில்ல. ஆனா பாடம் நடத்துறது வேற விஷயமாச்சே?"

"ஒரு நாள் குடுத்துப் பாருங்க மேடம். அன்னிக்கு வெளிக் கரண்ட்டே வேணாம். வெயில்ல வர்றத வச்சு இந்தப் பள்ளிக்கூடத்தப் பசங்களே ஓட்டுவாங்க."

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்தார். "சரி. வெள்ளிக்கிழமை. காலையில இருந்து கடைசி மணி அடிக்கிற வரைக்கும் ஓட்டிட்டா சாவி உங்களுக்கு. நடுவுல கரண்ட் போச்சுன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

இவன் பெரிய வீரன் மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

சரி, சண்டைக்கு வருகிறேன். ஒவ்வொரு அறைக் கதவுக்கு மேலும் ஓர் அட்டை மாட்ட வேண்டும், வெளியே போகிறவர்கள் விளக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று எழுத வேண்டும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னிடம் கொடுத்தான்.

"ஆஃப் பண்ணிட்டுப் போகவும்னு எழுதுக்கா."

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும் என் கை அதை எழுதாது. அணைத்துவிட்டுச் செல்லவும்."

"அக்கா, வீட்டுல எந்தப் புள்ள அணைக்கிறேன்னு சொல்லுது? நீயே என்கிட்ட ஃபேன ஆஃப் பண்ணுடான்னுதான கத்துற?"

"வீட்டுல கத்துறது வேற, சுவர்ல எழுதுறது வேற!"

கூடிவிட்ட பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. கடைசியில் நான்தான் ஜெயித்தேன். 'விளக்கையும் மின்விசிறியையும்' என்று எழுத அட்டையில் இடம் பற்றவில்லை. என் எழுத்து கொஞ்சம் பெரிது. ஆகவே சுருக்கமாக, அழகாக, பதினான்கு அட்டைகளில் எழுதினேன்: 'கடைசியாகச் செல்பவர் மறவாமல் அணைத்துவிட்டுச் செல்லவும்.' ஒரு பிழை கிடையாது. திங்கட்கிழமை எல்லா அறைகளிலும் மாட்டியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் தம்பி வெளிக் கரண்ட்டின் மெயின் சுவிட்சை இறக்கினான். வராந்தாவில் அவன் மாட்டியிருந்த பலகையில் நூறு என்று எண் ஒளிர்ந்தது. அது பேட்டரியில் இருக்கும் இருப்பு. மாடியில் வெயில் கொட்டினால் ஏறும், கீழே செலவழித்தால் இறங்கும்.

"இன்னிக்கு ஒரே ஒரு சட்டம்தான்" என்றான் தம்பி. "பெரியவங்க யாரும் சுவிட்சத் தொடக் கூடாது. போடறதும் பசங்கதான், நிறுத்தறதும் பசங்கதான்." குட்டிகளுக்கு எட்டாதே என்று ஒன்றாம் வகுப்பில் முக்காலி கூடப் போட்டிருந்தான்.

எல்லாவற்றையும் கண்காணிக்க ஐந்தாம் வகுப்பில் ஒரு படை. அதற்குத் தலைவி 'எவ்ளோ'. அவளிடம் நிலா வந்துவிட்டது என்று சொன்னாலும் "எவ்ளோ?" என்று கேட்பாள், அதனால் அந்தப் பெயர். எந்த அறையில் எத்தனை விசிறி, எது எவ்வளவு கரண்ட் சாப்பிடும் என்று தம்பி சொல்லச் சொல்ல ஒரு நீள நோட்டில் குறித்து வைத்திருந்தாள். வாய்ப்பாடு என்றால் ஓடி ஒளிகிற பெண், அன்று பெருக்கல் கணக்கை விரல் மடக்காமல் போட்டாள்.

பதினோரு மணி வரைக்கும் கொண்டாட்டம்தான். எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை. கணக்கு வகுப்பு பாதியில் இருக்கும்போதே இரண்டு பேர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஓடிவந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் தண்ணீர் குடிக்கிற சாக்கில்தான் வந்தேன்.

அப்புறம் மேகம் வந்தது. லேசான, சோம்பேறி மேகம், அசையவே இல்லை. எண் எழுபதானது, அறுபதானது. ஒன்றே முக்காலுக்கு முப்பத்தொன்று.

தம்பி முகம் சுண்டிவிட்டது. "மேகத்துக்கு இவ்ளோ இறங்கக் கூடாதுக்கா. எங்கயோ வீணாப் போகுது."

எவ்ளோ நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள், பின்னால் படை, படைக்குப் பின்னால் நான். ஒவ்வோர் அறையாகப் பார்த்தோம். ஒன்றாம் வகுப்பு வாசலில் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். உள்ளே ஈ காக்கை இல்லை. நான்கு விசிறிகள் முழு வேகத்தில் சுற்றுகின்றன. ஆறு விளக்குகள் எரிகின்றன. பெரிய டிவியில் ஒரு முயல் யாருக்காகவோ ஆடிக்கொண்டிருக்கிறது. கதவுக்கு மேலே என் அட்டை, முத்து முத்தான எழுத்தில்.

குட்டிகள் எல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாலிருந்தே மைதானத்து மரத்தடியில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். எவ்ளோ அவர்கள் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"நீங்க யாருமே அணைக்கலையா?"

"அணைச்சோமே!" என்று முப்பது குரல்.

"பொய் சொல்லாதீங்க. நான் இப்பதான் பார்த்துட்டு வரேன்."

முன்வரிசையில் பல் விழுந்த பையன் ஒருவன் எழுந்தான். அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நான்தான் கடைசி. மிஸ்ஸ நல்லா இறுக்கி அணைச்சுட்டுத்தான் வந்தேன். வேணும்னா மிஸ்ஸக் கேளு!"

ஒன்றாம் வகுப்பு ஆசிரியை கையில் வண்ணப் பென்சிலோடு விழித்தார். "அதுவா... திங்கக்கிழமையில இருந்து வெளிய போகும்போதெல்லாம் கடைசியா வர்ற புள்ள என்னைக் கட்டிப் பிடிச்சுட்டுப் போகுது. யாரு கடைசியாப் போறதுன்னு அடிதடியே நடக்குது. நான் என்மேல பாசம்னு நினைச்சுட்டேன். சுவிட்சத் தொடக் கூடாதுன்னு உங்க தம்பி சொன்னாரேன்னு விட்டுட்டேன்..."

"மிஸ் இல்லன்னா கதவ அணைச்சோம்" என்றாள் ஒரு சிறுமி, உதவியாக இருக்கட்டும் என்று.

எல்லோரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடம் இலக்கணம் நடத்தியவள் நான். அந்த அட்டையில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, எதை அணைக்க வேண்டும் என்பதுதான் இல்லை. செயப்படுபொருள் இல்லாத வாக்கியத்தைக் குழந்தைகள் அவர்களுக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொண்டார்கள். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை, பலகையைப் பார்க்க ஓடினான். அதுதான் எனக்கு உறுத்தியது.

ஒன்றாம் வகுப்பின் விசிறி, விளக்கையெல்லாம் படை நிறுத்தியது. நான் அங்கிருந்த முக்காலியில் ஏறி, என் அழகான அட்டையின் மேல் பட்டைப் பேனாவால் கோடு போட்டு, 'ஆஃப் பண்ணவும்' என்று எழுதினேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இரண்டரை மணிக்கு இருபத்திரண்டு. படை மும்முரமானது. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஆசிரியர் அறையில் டீத்தண்ணீர் கொதிக்கும் கெட்டிலை நிறுத்தினார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. நான்கு வகுப்புகள் தாங்களாகவே விசிறியை நிறுத்திவிட்டு வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்தன. வியர்த்து வழிய வாய்ப்பாடு சொன்னார்கள், ஒரு முகத்திலாவது சலிப்பு இல்லை.

எவ்ளோ என்னிடம் வந்து நோட்டைக் காட்டினாள். "டீச்சர், இன்னும் ஒண்ணு இருக்கு. மேடம் ரூம் ஏசி. காலையில இருந்து ஓடுது. நான் போய்ச் சொல்லட்டுமா?"

"சும்மா இரு!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "அங்க போய் அதைச் சொல்லுவியா? அவங்க கோபப்பட்டா எல்லாம் கெட்டுப்போகும்."

அவள் முகம் வாடியது. நான் செய்தது தப்பு என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை, அவ்வளவு பயம்.

மூன்று மணிக்கு ஒன்பது. மூன்று பத்துக்கு நான்கு. வராந்தா முழுக்கப் பிள்ளைகள், கண்ணெல்லாம் பலகையில். எண் மூன்றானது, இரண்டானது, ஒன்றானது. மூன்று பத்தொன்பதுக்குப் பலகை அணைந்தது. எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்த ஒரு விசிறி முனகி நின்றது. கடைசி மணிக்குப் பதினொரு நிமிடம் பாக்கி.

தம்பி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். நாற்பது வயது ஆள், பரீட்சை முடிவு பார்த்துவிட்டு வந்த அந்தப் பழைய நாளில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது தலைமையாசிரியை அறையின் கதவு திறந்தது. ஏசி ரிமோட்டும் கையுமாக வெளியே வந்தார். "என்னாச்சு? ஏசி நின்னுபோச்சே?" பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொரு நிமிஷம். த்சு. அவ்வளவு நல்லா ஓட்டிட்டு வந்தீங்களே. எங்க போச்சு?"

எவ்ளோ என்னைப் பார்த்தாள். இந்த முறை நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. "படிம்மா" என்றேன். "இருக்கிறத இருக்கிறபடி படி."

நோட்டைப் பிரித்தாள். "மேகத்துனால கொஞ்சம் கொறஞ்சுது மேடம், அது நம்ம கையில இல்ல. ஒண்ணாங் கிளாஸ்ல வீணாப் போனது, அது இருந்திருந்தா நாப்பது நிமிஷம் ஓட்டியிருக்கலாம். தமிழ் டீச்சர் போர்டுல தப்பா எழுதிட்டாங்க."

"தப்பா இல்ல, குறைவா" என்றேன். வாயைக் கட்ட முடிந்தால்தானே.

"டீ கெட்டில் ஆறு நிமிஷம்." பக்கத்தைப் புரட்டினாள். "அப்புறம் ஒண்ணு இருக்கு மேடம். அதுதான் எல்லாத்தையும் விடப் பெருசு. அது இல்லன்னா இன்னும் நாலு மணி நேரம் ஓட்டியிருக்கலாம்."

"நாலு மணி நேரமா! அது என்ன அது?"

எவ்ளோ வாயால் சொல்லவில்லை. விரலை மட்டும் நீட்டினாள். திறந்திருந்த கதவு வழியே ஏசி அறையிலிருந்து இன்னும் குளிர்ந்த காற்று கொஞ்சம் வந்துகொண்டிருந்தது.

தலைமையாசிரியை திரும்பிப் பார்த்தார். அப்புறம் நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, கணக்கை ஒரு வரி விடாமல் மேலிருந்து கீழே சரிபார்த்தார். இரண்டு இடத்தில் உதடு அசைத்துப் பெருக்கிப் பார்த்தார். அவர் விரல் போன வரியையெல்லாம் எவ்ளோவும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். "அப்ப பந்தயத்தக் கட்டினதும் நான், கெடுத்ததும் நானா? ஏம்மா, முன்னாடியே வந்து சொல்றதுக்கென்ன? கடிச்சா வச்சிருப்பேன்?"

"நான்தான் மேடம் தடுத்தேன்" என்றேன்.

"உங்களப் பத்தித் தெரியாதா டீச்சர்" என்றவர் உள்ளே போனார். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. வந்து, தரையில் உட்கார்ந்திருந்த தம்பியின் முன்னால் குனிந்து சாவியை நீட்டினார். "நான் இருபது வருஷமா அறிவியல் நடத்தினேன் சார். கரண்ட் எங்க போச்சுன்னு கேட்டா, என் முகத்துக்கு நேரா கணக்குப் போட்டுக் காட்டுற ஒரு புள்ளைய நான் உருவாக்கினதில்ல. எழுந்திரிங்க."

தம்பி எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. பிள்ளைகள் அதற்குள் அவன் மேல் விழுந்துவிட்டார்கள். அவன் அழுதானா சிரித்தானா என்று அக்காவான எனக்கே தெரியவில்லை. சாவியை எவ்ளோதான் பிடுங்கிக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினாள், பள்ளிக்கூடமே அவள் பின்னால் ஓடியது.

மூன்றரைக்கு அடிக்க வேண்டிய மணிக்குக் கரண்ட் இல்லை. நாலு மணிக்கு, பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்தவர்கள் வாசல் கதவைத் தட்டி, "இன்னிக்குப் பள்ளிக்கூடம் விடவே மாட்டீங்களா?" என்று சத்தம் போட்ட பிறகுதான் எங்களுக்கு வீட்டு நினைப்பே வந்தது.