ஒன்றாம் நம்பர் சட்டை

பதினாறு வருஷமாக எங்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் நான். வயது முப்பத்தொன்பது. இடது கைச் சுண்டுவிரல் இரண்டு முறை முறிந்து, இப்போது மற்ற விரல்களோடு பேச்சுவார்த்தை இல்லாமல் தனியாக நிற்கிறது. நான் குனிந்தால் முழங்கால் போடும் சத்தம் எதிர்க் கோல் வரைக்கும் கேட்கும் என்று என் மனைவி சாந்தி கேலி செய்வாள். போன மாதம் சோலார் பேனல் மாட்ட ஒரு வீட்டுக் கூரையில் ஏறியவன், இறங்க முடியாமல் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய திடல்தான் எங்களுக்கு. வருஷாவருஷம் வட்டாரக் கோப்பைக்கு ஆடுவோம். அதற்கு முன் புதுச் சட்டைகளை முருகன் கோயிலில் வைத்துப் பூசை செய்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விபூதியோடு கொடுப்பது வழக்கம். முதலில் கூப்பிடுவது ஒன்றாம் நம்பரை. பதினாறு தடவை நான்தான் எழுந்து போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு இரண்டு அங்குலம் விரியும், ஒப்புக்கொள்கிறேன்.

முரளிதரன் இரண்டு வருஷத்துக்கு முன் பயிற்சிக்கு வந்தான். அப்போது அவனுக்கு இருபது. "சிவராஜுக்கு அப்புறம் யாரு? இப்பவே இவனை எடுத்து வச்சிக்கணும்" என்றார் அமீர் அலி. அவர்தான் பயிற்சியாளர், பர்மிய வழக்கப்படி எல்லோரும் அவரை சயா என்போம். கேப்டன் என்ற முறையில் நானும் கமிட்டியில் இருந்தேன். முதல் வருஷம், உயரம் போதாது என்றேன். அடுத்த வருஷம், பந்து கைக்கு வந்ததும் அவசரப்படுகிறான் என்றேன். இரண்டும் பொய் இல்லை. ஆனால் நான் அப்படிச் சொன்னதற்கு உண்மையான காரணம் அவை இல்லை.

ஃபார்வர்டு என்றால் கடைசிப் பத்து நிமிஷம் புது ஆளை இறக்கிப் பார்க்கலாம். கோல்கீப்பருக்கு அந்தக் கதையே கிடையாது. ஒரே இடம், ஒரே ஆள். அடுத்தவனைச் சீக்கிரம் எடுத்தால் அவன் பெஞ்சில் உட்கார்ந்து துருப்பிடிப்பான். தாமதமாக எடுத்தால், பழையவன் விழும் நாளில் கோல் காலியாகக் கிடக்கும். சரியான நேரம் எது என்று கேட்டால், இடத்தை விட மனசில்லாதவன் எப்போதும் 'அடுத்த வருஷம்' என்றுதான் சொல்வான். நானும் அதைத்தான் சொன்னேன். முரளி தினமும் விடிகாலையில் வந்து, எனக்கு எதிர்க் கோலில் நின்று பந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

கூரையில் உட்கார்ந்த அந்த அரை மணி நேரத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. இந்த வருஷக் கமிட்டிக் கூட்டத்தில் நானே விலகிவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு ஒரு பேச்சும் தயார் செய்து, சாந்தியிடம் ஒப்பித்துக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லத்தா கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் விஸ்வநாதன்தான் எங்கள் கமிட்டித் தலைவர். அவர் கடையின் பின்னறையில், மூட்டைகளுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை காலை கூடினோம். நான் எழுந்து நின்று பேசினேன். "முரளியைப் போட்டுருங்க சயா. நான் பெஞ்சுல உக்காந்துக்கிறேன்" என்று முடித்தேன். கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். விஸ்வநாதன் மூட்டையிலிருந்து சிந்திய பருப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்லிருங்க சயா. இனிமே மறைச்சு என்ன" என்றார் கடைசியில்.

அமீர் அலி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "முரளியை நான் ரெண்டு வருஷம் முந்தியே எடுத்தாச்சுப்பா. ஒன்னைவிட நல்லாப் புடிக்கிறான்னு அப்பவே தெரியும். அவன் பேரை எழுதத்தான் முடியல."

கோப்பைப் போட்டிக்குக் கொடுக்கும் பட்டியலில் பெயர், வயது, தகப்பன் பெயர், வீட்டு விலாசம் எல்லாம் வேண்டும். போட்டோவும் அடையாள அட்டை நகலும் ஒட்ட வேண்டும். ஒரு பிரதி திடல் பலகையில் தொங்கும். இன்னொன்று எந்த மேஜைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. ராணுவத்துக்குப் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயது வரை கட்டாயமாக ஆள் எடுக்கிறார்கள்.

"அவங்கம்மா எங் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுச்சு" என்றார் அமீர் அலி. "புள்ள விளையாடட்டும், பேரு மட்டும் எங்கேயும் வேணாம் சயான்னு."

எனக்கு எப்போதும் முதலில் வருவது கோபம்தான். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"நீதான் வருஷா வருஷம் நீயாவே வேணாம்னுட்டியே. எங்களுக்கும் வசதியாப் போச்சு."

மூக்கு உடைந்தது என்பார்களே, அது எனக்கு அன்று உடைந்தது. போன வருஷப் பட்டியலில் முப்பத்தாறுக்குக் கீழே ஒருவர்கூட இல்லை. அனுபவசாலிகளின் அணி என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். இளம் பையன்கள் தாய்லாந்து, மலேசியா என்று கிளம்பிப் போனதும் தெரியும். எதிர் அணிகள் எல்லாம் நரைத்துப் போனதும் தெரியும். ஆனாலும் என்னை வைத்திருப்பது என் கைக்காகத்தான், வயதுக்காக இல்லை என்று நம்பியிருந்தேன்.

"ஒரு ஆட்டமாவது அவன் ஆடணும்" என்றேன். அடுத்த வாரம் த்வாண்டேயிலிருந்து பானை வனைபவர்களின் அணி நட்பு ஆட்டத்துக்கு வருவதாக இருந்தது. அதற்குப் பட்டியல் கிடையாது. அமீர் அலி யோசித்துத் தலையாட்டினார்.

என் ஒன்றாம் நம்பர் சட்டையை நானே முரளிக்குக் கொடுத்தேன். தோளில் கொஞ்சம் தொளதொளத்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டாம் பாதியில் த்வாண்டேக்காரன் ஒருவன் ஆறு கஜ தூரத்திலிருந்து வலது மூலைக்கு அடித்தான். நானாக இருந்தால் பந்து வலைக்குள் போன பிறகு விழுந்திருப்பேன். முரளி அதை ஒரு கையால் நிறுத்தி, மறு கையால் அணைத்துக்கொண்டு எழுந்தான். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த நொடி நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். இரண்டும் உண்மை.

ஆட்டம் முடிந்ததும் சட்டையைக் கழற்றி மடித்து என்னிடம் நீட்டினான்.

"ரெண்டு வருஷம் ஒன்னை உக்கார வச்சிட்டேன்டா" என்றேன்.

"யபாதே, பரவாயில்லண்ணே" என்று பர்மியமும் தமிழுமாகச் சொன்னான். "நீங்க இருக்கீங்கன்னுதான் நான் இங்க வந்து ஆடிக்கிட்டு இருக்கேன்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பட்டியலில் மறுபடி என் பெயரையே எழுதினார்கள். வெள்ளிக்கிழமை காலை கோயிலில் சட்டைப் பூசை. மணியடித்து அர்ச்சனை தொடங்கியபோது, ஐயர் வாயிலிருந்து என் பெயரும் கேட்டை நட்சத்திரமும் வந்தன. சாந்திதான் சீட்டுக் கொடுத்திருப்பாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் போலவே விழித்துக்கொண்டிருந்தாள். அர்ச்சனைத் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது முரளியின் தாயார் தைலம்மாள்.

"ரெண்டு வருஷமா ஒங்க பேருக்குத்தான் தம்பி பண்றேன்" என்றார், திருடி அகப்பட்டவர் மாதிரி. "நட்சத்திரம் ஒங்க வீட்டுப் பக்கத்துல விசாரிச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "முழங்கால் எப்படி இருக்கு?"

முரளிக்கு முப்பத்தாறு ஆக இன்னும் பதினான்கு வருஷம். அதுவரை நான் கோலில் நிற்க வேண்டும்; அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று. அந்தக் கணக்கை அவர் எனக்கு முன்பே போட்டிருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நல்லா இருக்குக்கா" என்றேன். ஒன்றாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். முழங்கால் சத்தம் அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று, பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தேன்.